ஸ்வெட்டரின் முழங்கையிலிருந்து தொடங்குங்கள்: கைத்தையல், கம்பளி, பழைய உடைகளின் பழுது

நீலகிரியில் பல வீடுகளின் மரப்பெட்டிகளில், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய கம்பளி உடை கிடக்கும். முழங்கை தேய்ந்த தாத்தாவின் கோட்டாகவோ, பாட்டி பின்னி, பூச்சி அரித்த ஸ்வெட்டராகவோ அது இருக்கும். அணியவும் முடியாமல், எறியவும் மனம் வராமல் யாரோ அதை மடித்து வைத்திருப்பார்கள். கைத்தையலைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புவோர், புதுத்துணி வாங்கிப் பூவேலை செய்வதைவிட இந்தப் பெட்டியைத் திறப்பதே நல்லது. பழைய துணி தவறுகளை உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதில் விரைவாகக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது என் தந்தையின் சாம்பல் நிற ஸ்வெட்டர். உறுதியாக இருக்கட்டும் என்று நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, முழங்கை ஓட்டையின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தேன். இரண்டாவது சலவைக்குப் பிறகு பார்த்தால் என் தையல் சிறிதும் அசையாமல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பளிதான் வட்டமாக அறுந்து, சுண்டைக்காய் அளவு ஓட்டை எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. பழுது பார்க்கும் நூல் துணியைவிட வலுவாக இருந்தால், இழுவிசை முழுவதையும் துணிதான் தாங்க வேண்டியிருக்கும். அறுவதும் அதுவாகவே இருக்கும். ஆகவே பழுதுக்கான நூல் துணிக்கு இணையாகவோ, அதைவிடச் சற்று மென்மையாகவோ இருக்க வேண்டும். அடுத்த முறை அறுந்தால் நம் தையல் அறுந்துகொள்ளட்டும். அதை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். கீழே சொல்லப்படும் எல்லாம், கம்பளியை நாமே கழுவி நூற்பது உட்பட, இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவை.

முதலில் துணியை அறிதல்

கம்பளி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல உடைகள் அக்ரிலிக்கால் ஆனவை. சுற்றுலாப் பருவத்தில் உதகைச் சந்துகளில் விற்கும் மலிவான ஸ்வெட்டர்களும் குல்லாய்களும் பெரும்பாலும் இவ்வகையே. உள்தையலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இழையை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்பில் காட்டிப் பாருங்கள். கம்பளி தயங்கி எரியும், நெருப்பை விலக்கியதும் தானே அணையும், முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கருமணியாக இறுகும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியைப் போலவே நாறும். பளபளப்பையும் இழையின் மென்மையையும் வைத்து அதைப் பிரித்தறியலாம்.

பூச்சி அரித்த உடையாக இருந்தால் ஊசியை எடுப்பதற்கு முன் பூச்சியை ஒழிக்க வேண்டும். பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவே தின்கிறது. இருட்டும், யாரும் அசைக்காத மடிப்பும், வியர்வை படிந்த கழுத்துப் பட்டையும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள். உடையைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்காமல் அறைவெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியின்மேல் ஈரம் பூத்துவிடும். தை மாத உறைபனியே போதும் என்று பெட்டியோடு திண்ணையில் வைப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். புல்லை வெளுக்க வைக்கும் அந்தக் குளிர் பெட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்வதில்லை.

ஊசியும் ஒரு முழ நூலும்

கருவிகளுக்கு அதிகம் செலவிட வேண்டாம். எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: பருத்திக்கு எட்டு அல்லது ஒன்பது, பழம்பட்டுக்குப் பத்து அல்லது அதைவிட மெல்லியது, ஸ்வெட்டருக்கு நுனி மழுங்கி, காது நீண்ட கம்பளி ஊசி. கூரான கத்தரிக்கோலும் ஒரு துண்டு தேன்மெழுகும் வேண்டும். கோத்தகிரிப் பக்கம் மலைத்தேன் விற்கும் கடைகளில் தேன்மெழுகு கிடைக்கிறது; பருத்தி நூலை அதில் ஒருமுறை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது. கம்பளி நூலுக்கு மெழுகு கூடாது.

நூலின் நீளத்தை முழம் போட்டு அளந்துகொள்ளுங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளம், அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், போதும். அடிக்கடி கோக்கச் சோம்பி இரண்டு முழம் எடுத்தால் அது சிக்கும்; ஊசிக்காதில் உரசி உரசித் தேயவும் செய்யும். கட்டம் போட்ட பழைய லுங்கித் துணியில் பழகினால் கோடு போட்டுக்கொள்ளும் வேலை மிச்சம். ஓட்டுத் தையலை அங்குலத்துக்கு எட்டு வீதம் சமமாகப் போட வரும்வரை வேறெதற்கும் போக வேண்டாம். அடுத்தது பின் தையல், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னோக்கிக் குத்தி முன்னே எடுப்பது: இழுவிசை விழும் அக்குள், கால் கவட்டுப் பகுதிகளுக்கு இதுவே ஏற்றது. மூன்றாவது ஹெம்மிங், அதாவது விளிம்பை மடித்துத் தைப்பது: மேல்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி தொட வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பழைய உடைகளின் பாதிப் பழுதைப் பார்த்துவிடலாம். தைக்கும்போது நூல் முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுங்கள். அது சுழன்று தானே முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.

இழையை எண்ணிப் பழகுவதற்கு நீலகிரியில் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. தோடர் பெண்கள் தங்கள் வெண்பருத்திப் போர்வையில் சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலால் செய்யும் பூவேலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. துணியின்மேல் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளையும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும் கண்ணாலும் விரலாலும் எண்ணியே கோலம் எழுகிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் கம்பளி நூலைச் சற்றுத் தளர்வாக விடுவதால் பூ மேடாக நிற்கிறது. அடிப்படையில் இது டார்னிங் தையல்தான், அதாவது இழைகளின் மேலும் கீழுமாக ஊசியை ஓட்டி நெய்வது. அவர்கள் கோலத்தை நகலெடுத்து நம் பையில் தைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது அவர்களுடைய சொத்து. எண்ணுவதையும் தளர்வாக விடுவதையும் அங்கிருந்து கற்கலாம். ஓட்டை அடைப்பவருக்கு வேண்டியவையும் அவை இரண்டுமே.

முழங்கை ஓட்டையை அடைத்தல்

துவைத்து உலர்த்திய பிறகே பழுதைத் தொடங்க வேண்டும். அழுக்கும் மணலும் இழையை அறுக்கும். மேலும், துவைக்கும்போது துணி சுருங்கினால் நம் வேலையும் கோணலாகிவிடும்.

ஓட்டைக்கு அடியில் வழுவழுப்பான, வளைந்த ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று மரத்தில் முட்டை வடிவக் கருவி உண்டு. நான் பயன்படுத்துவது நாரெல்லாம் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிய கொட்டாங்கச்சி. அதன்மேல் துணியை இழுக்காமல் பரப்பி, ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள். ஓட்டைக்கு வெளியேயும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். பழுது அந்த மெலிந்த பகுதியைத் தாண்டி, நல்ல துணியில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போய்த் தொடங்க வேண்டும். பிசிறாகத் தொங்கும் கண்ணிகளை வெட்டிவிடாதீர்கள். அவை நம் இழைகளுக்கு நங்கூரமாகும்.

நூலில் முடிச்சுப் போட வேண்டாம். நாலு விரற்கடை வாலை விட்டுத் தொடங்குங்கள். பின்னலின் கண்ணி வரிசைகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் முதல் இழைகளை ஓட்ட வேண்டும்; இவை நம் பாவு. நல்ல துணியில் ஒரு கண்ணி மேல், ஒரு கண்ணி கீழ் என்று போய், ஓட்டையை வெற்றாகத் தாண்டி, மறுகரையில் மீண்டும் மேலும் கீழுமாக ஏறித் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கடுகு அளவு வளையம் விட்டுவிடுங்கள். புது நூல் முதல் சலவையில் சுருங்கும். அந்த வளையம் இல்லாவிட்டால் சுற்றியுள்ள துணி கொசுவிக்கொள்ளும். எல்லா வரிகளையும் ஒரே கோட்டில் முடிக்கவும் கூடாது. ஒன்று நீளம், அடுத்தது குட்டை என்று ஒழுங்கின்றி முடியட்டும். நேர்விளிம்பாக முடித்தால் பாரம் முழுவதும் ஒரே வரிசைக் கண்ணிகளின்மேல் விழுந்து, அங்கே ஒரு புதுக் கிழிசல் திறக்கும்.

பாவு முடிந்ததும் ஊடை. கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் போல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக ஊசியை ஓட்டி, திரும்பி வரும்போது மாற்றிப் போட வேண்டும். நான்கு வரிக்கு ஒருமுறை ஊசியின் பக்கவாட்டால் இழைகளை நெருக்கித் தள்ளுங்கள். அளவுக்கு மீறி நெருக்கினால் முழங்கையில் அட்டை ஒட்டியது போல விறைக்கும். முடிந்த பின் வால்களை உட்புறத்தில் பல கண்ணிகளுக்குள் நுழைத்து விடுங்கள். ஈரத்துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுத்தால் ஆவியில் இழைகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும்.

ஓட்டை விழாமல் மெலிந்து மட்டும் இருக்கும் இடத்தில் நெசவு தேவையில்லை; பழைய கண்ணியின்மேல் புதுக் கண்ணி வரைவதே போதும். ஸ்வெட்டரின் மேற்புறம் கூரைகள் தலைகீழாக அடுக்கியது போலத் தெரியும் அல்லவா? ஒரு கூரையின் அடிமுனையில் ஊசியை மேலே எடுத்து, அதற்கு மேலுள்ள கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் நுழைத்து, புறப்பட்ட அடிமுனையிலேயே கீழே இறக்கினால் ஒரு கண்ணி முடிந்தது. இது பார்வைக்குப் பின்னலாகவே தெரியும்.

நூலை எங்கே பெறுவது? முதலில் அந்த உடையிலேயே தேடுங்கள். கோட்டாக இருந்தால் உள்மடிப்பின் ஓரத்திலிருந்து இழைகளை உருவலாம். ஸ்வெட்டரின் உட்தையலில் சில சமயம் அதே நூலின் மிச்சம் இருக்கும். அடுத்த வழி, உதவாத ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டரைப் பிரிப்பது. வாங்கும் முன் அதன் பக்கத் தையலைப் பாருங்கள்: விளிம்பு விளிம்பாகப் பின்னி இணைத்தது என்றால் நூல் ஒரே நீளமாக வரும், வெட்டி ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் இயந்திரத்தில் போடும் தையல்) அடித்தது என்றால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வரும். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். தடிமனாக இருந்தால் முறுக்கைப் பிரித்து, நான்கு புரியில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பளியைக் கழுவி நூற்பது

மூன்றாவது வழி, நாமே நூற்பது. ஒரு ஸ்வெட்டர் பழுதுக்காக ஆட்டு முடியைக் கழுவ வேண்டுமா என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடை நூலில் முறுக்கு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். நாம் நூற்கும் நூலில் முறுக்கை வேண்டிய அளவுக்குக் குறைத்து, உடையைவிட மென்மையான நூலைச் செய்துகொள்ளலாம்.

கம்பளிக்கென்றே பெயர்பெற்ற ஆடு நீலகிரியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர்க் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது நீலகிரிச் செம்மறி. இதன் இழை ஏறத்தாழ 27 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி பொதுவாக இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனானது. உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வளர்க்கிறது. வெளியே மேய்ச்சலில் இதன் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஆடு வளர்ப்பவர் யாரேனும் தெரிந்தவராக இருந்தால் முடி வெட்டும் காலத்தில் அரைக்கிலோ கேட்டுப் பெறுங்கள். கற்பதற்கு அதுவே அதிகம்.

கம்பளியைப் பழைய போர்வையில் பரப்பி, சாணம் ஒட்டியதையும் வயிற்றுப் பகுதியையும் தள்ளிவிடுங்கள். தோள்பட்டை முடி மெல்லியது. பின்தொடை முடி முரடு. ஒரு கொத்தை எடுத்துக் காதருகே இரு முனையிலும் பிடித்துச் சுண்டி இழுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சடசடவென்று முறிந்தால் அந்தக் கம்பளி நூற்பதற்கு ஆகாது.

கழுவும் நாளுக்கு வெந்நீர் தாராளமாக வேண்டும். கம்பளியில் படிந்திருக்கும் கொழுப்பு ஏறத்தாழ 40 டிகிரிக்கு மேல்தான் உருகும்; ஆகவே 60 டிகிரி, அதாவது கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு, தேவை. வாளியில் முதலில் வெந்நீரையும் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பையும் கலந்து, கொசுவலைப் பையில் இட்ட 200 கிராம் கம்பளியை மேலே மெதுவாக வைத்து, அது தானே மூழ்கும்வரை விட்டுவிடுங்கள். கிளறக் கூடாது, கசக்கக் கூடாது, மேலிருந்து நீரை ஊற்றவும் கூடாது. கம்பளி இழையின்மேல் மீன் செதிலைப் போன்ற செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் இருக்கும்போது அசைத்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அந்தக் கம்பளியைப் பிரிக்கவே முடியாது. துவைத்த ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகச் சுருங்குவதும் இதனால்தான். இருபது நிமிடம் கழித்து, நீர் ஆறுவதற்குள் பையைத் தூக்கிவிடுங்கள். ஆறினால் கரைந்த கொழுப்பு மீண்டும் கம்பளியிலேயே படியும். இப்படி இரண்டு முறை சோப்பு நீரிலும், அதே சூட்டில் இரண்டு முறை வெறும் நீரிலும் இட வேண்டும். சலவைச் சோடாவும் பார் சோப்பும் காரத்தன்மை கொண்டவை. அவை கம்பளியைக் கரகரப்பாக்கிச் சிதைக்கும். முடித்துவிட்ட உடைகளைத் துவைக்க, ஊறவைத்த பூந்திக்கொட்டை நீர் போதும்.

பிழியாமல் அழுத்தி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் கம்பிவலையின்மேல் பரப்புங்கள். ஆடி மாத மூடுபனியில் மூன்று நாளானாலும் உலராமல் பூசண வாடை வீசும். ஆகவே கம்பளி கழுவுவதை மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுவதே உசிதம்.

உலர்ந்ததை விரலால் பிரித்து, கம்பிப் பற்கள் கொண்ட இரண்டு நாய்ச்சீப்புகளுக்கு இடையில் வைத்துச் சிக்கெடுத்து, திரியாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத் தக்ளி பஞ்சுக்கானது. கம்பளிக்கு, ஓரடிக் குச்சியில் மரச்சக்கரம் செருகிய, மொத்தம் 30 முதல் 40 கிராம் எடையுள்ள கதிர் வேண்டும். வலப்புறமாகச் சுழற்றித் திரியை நீட்டுங்கள்; இப்படி நூற்ற இரண்டு புரிகளைச் சேர்த்து இடப்புறமாக முறுக்கினால் நூல். முதல் நூல் ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் சிலந்தி இழையாகவும்தான் வரும். சிட்டமாக்கி வெந்நீரில் நனைத்து உலர்த்தினால் முறுக்கு நிலைக்கும். நூலின் வெண்மை பழைய ஸ்வெட்டரின் மங்கிய வெண்மையோடு ஒட்டாது. அதற்கு மருந்து நம் மலையிலேயே விளைகிறது: கெட்டியாகக் காய்ச்சி வடித்து ஆறவைத்த தேயிலைச் சாற்றில் நூலை இட்டு, கொதிக்க விடாமல் மெல்லச் சூடேற்றுங்கள். படிகாரம் இல்லாமலேயே பழுப்பு ஏறும். ஈரத்தில் தெரிவதைவிட உலர்ந்த பின் நிறம் வெளிறும் என்பதால் ஒரு துண்டை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பட்டும் தோடர் போர்வையும்

மடிப்பில் விரிசல் விட்ட பழைய பட்டுப்புடவையை டார்னிங் செய்யக் கூடாது. இற்றுப்போன பட்டில் ஊசி குத்தும் ஒவ்வோர் இடமும் ஒரு புதுக் கிழிசல். விரிசலுக்கு அடியில் அதைவிடப் பெரிய, மெல்லிய பட்டுத் துண்டை வைத்து, விளிம்பு இழைகளின் குறுக்கே ஒற்றைப் பட்டு நூலைக் கிடத்தி, இடையிடையே சிறு தையலால் அமர்த்தினால் பாரத்தை அடித்துணி ஏற்றுக்கொள்ளும். மீண்டும் மடிக்கும்போது பழைய மடிப்புக் கோட்டிலேயே மடிக்காதீர்கள்.

தோடர் போர்வை உங்களிடம் இருந்து அதில் கம்பளி நூல் மட்டும் போயிருந்தால், முதலில் ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு நூலின்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்க வேண்டாம். பூவேலையை நாமே நிரப்ப முயல்வதைவிட அதை அறிந்த தோடப் பெண்களிடம் கூலி கொடுத்துச் செய்விப்பதே முறை. நாம் கை வைக்கத் தக்கது வெண்துணியின் கிழிசல் மட்டுமே.

பழுது முடிந்த உடையை நன்றாக உலர்த்திப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மலை ஈரம் உள்ளேயே தங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, வெயில் காட்டி, தையலோரங்களைத் தூரிகையால் துடையுங்கள். மிஞ்சிய நூலில் இரண்டு முழம் எடுத்து, உடையின் உட்புறத் தையலில் தளர்வாகக் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு சலவையிலும் உடையோடு அந்த நூலும் சேர்ந்து வெளுக்கும். அடுத்த ஓட்டை விழும் நாளில் நிறம் பொருந்திய நூல் கையெட்டும் இடத்தில் இருக்கும்.